சிரோசிஸ் வந்தவருக்குச் சமைப்பது எப்படி: இரவுக் கஞ்சியிலிருந்து உப்பு டப்பா வரை

அம்மாவின் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்குவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எடை மெஷினில் 58 கிலோ. மூன்று மாதத்துக்கு முன்பும் கிட்டத்தட்ட அதேதான். "எடை குறையலையேப்பா, அப்புறம் என்ன கவலை?" என்று அம்மாவே கேட்டாள். வயிற்றிலும் காலிலும் நீர் ஏற ஏற, தோளிலும் தொடையிலும் இருந்த சதை கரைந்துகொண்டிருந்தது. நீர் எது, சதை எது என்று மெஷினுக்குத் தெரியாது. வளையலுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இருபது வருடச் சர்க்கரை, அதோடு கல்லீரலில் கொழுப்பு. அது வடுவாகி, இறுகி, சிரோசிஸ் ஆனது. செய்தி தெரிந்த அன்றே வீட்டில் பத்தியம் ஆரம்பித்துவிட்டோம். பருப்பு கிடையாது, முட்டை கிடையாது, எண்ணெய் கிடையாது. ரசம் சாதம், அரிசிக் கஞ்சி, இளநீர். ஒரு மருத்துவமனையில் கொடுத்த பழைய உணவு அட்டையிலும் "புரதம் குறைக்கவும்" என்றுதான் இருந்தது. நான்கு மாதம் அதை வேதவாக்காகக் கடைப்பிடித்தோம். கல்லீரல் பாதி கெடுத்ததை நாங்கள் மீதி கெடுத்தோம் என்றுதான் இப்போது சொல்வேன்.

பிறகு கல்லீரல் டாக்டரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேட்டுக் கேட்டு, சமையலறையில் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் சமைப்பவருக்காக எழுதியது. மருந்து அளவை மாற்றுவதெல்லாம் டாக்டர் வேலை. சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால் கீழே உள்ள கணக்குகளை அவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

கல்லீரலை ஒரு குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கை அது கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கும். ராத்திரி நாம் தூங்கும்போது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும். சிரோசிஸில் இந்தக் குதிர் சுருங்கிவிடுகிறது. நள்ளிரவுக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு உடம்பு தசையை உடைத்துத்தான் சர்க்கரை செய்துகொள்ள வேண்டும். நல்ல உடம்புள்ள ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் எந்த நிலைக்கு வருவாரோ, சிரோசிஸ் உள்ளவர் ஒரே இரவில் அந்த நிலைக்கு வந்துவிடுகிறார்.

தசை போனால் தெம்பு மட்டும் போவதில்லை. புரதம் செரிக்கும்போது உண்டாகி ரத்தத்தில் சேரும் அம்மோனியாவைப் பிடித்து ஒதுக்குவதில் கல்லீரலுக்கு அடுத்தபடி தசைக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லீரல் தளர்ந்த பிறகு அந்த வேலை தசையின் தலையில்தான் விழுகிறது. அதையும் கரையவிட்டால் அம்மோனியா மூளைக்குப் போய்க் குழப்பத்தை உண்டாக்கும். "பருப்பைக் குறைத்தால் மூளை தெளியும்" என்ற பழைய யோசனை காலை வாருவது இங்கேதான். குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளை வைத்துப் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒரு சாராருக்குப் புரதத்தை நிறுத்திவிட்டு மெதுவாக ஏற்றினார்கள்; இன்னொரு சாராருக்கு முதல் நாளிலிருந்தே வழக்கமான புரதம். தெளிவு திரும்புவதில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் உடம்பின் சொந்தப் புரதம் கூடுதலாக உடைந்திருந்தது. நாங்கள் அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது இந்த ஆய்வு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தது.

படி 1: உண்மையான எடையைக் கண்டுபிடியுங்கள்

கணக்கெல்லாம் நீர் நீக்கிய எடையை வைத்துத்தான். வயிற்றில் கொஞ்சம் நீர் என்றால் மெஷின் காட்டுவதில் 5 சதவீதம் கழியுங்கள். நடுத்தரம் என்றால் 10, வயிறு பானை மாதிரி இறுகியிருந்தால் 15. இரண்டு காலும் வீங்கியிருந்தால் இன்னொரு 5. அம்மாவுக்கு நடுத்தர நீர், கால் வீக்கமும் உண்டு. 58இல் 15 சதவீதம் போனால் 49 கிலோ சொச்சம். கணக்குக்காக 50 என்று வைத்துக்கொண்டோம்.

படி 2: ஒரு நாளுக்கு எவ்வளவு

ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கிலோவுக்குக் குறைந்தது 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோவுக்கு 1,750 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். 60 கிலோ ஆள் என்றால் 2,100 கலோரி, 72 முதல் 90 கிராம். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கலோரிக் கணக்கு வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

75 கிராம் புரதம் என்றால் 75 கிராம் பருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சமையலறைக் கணக்கு தோராயமாக இப்படி வரும்: ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6. சமைக்காத துவரம்பருப்பு 40 கிராமில் 9. காய்ந்த கொண்டைக்கடலை 35 கிராமில் 7. ஒரு இட்லியில் 2. பனீர் 50 கிராமில் 9. தோல், எலும்பு நீக்கிய மீனோ கோழியோ 100 கிராமில் 20ஐ ஒட்டி. மீல்மேக்கர் காய்ந்தபடி 30 கிராமில் 15. தண்ணியாக வைத்த சாம்பாரில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள், அல்லது பருப்பைத் தனியாக எடுத்து வைத்துச் சாதத்தில் பிசைந்து கொடுங்கள். மஞ்சள் கருவை எடுத்து எறிய வேண்டியதில்லை.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. "கல்லீரல் நோய், எண்ணெயே ஆகாது" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நீர் நிறைந்த வயிறு இரைப்பையை அழுத்துவதால் நாலு வாயிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது. கொஞ்சம் சாப்பிட்டாலும் தெம்பு ஏற வேண்டும் என்றால் தாளிப்புக்கு எண்ணெயும் பருப்புக்கு ஒரு ஸ்பூன் நெய்யும் வேண்டும்தான். பித்தநீர் அடைபட்டு, மலம் வெளிறி எண்ணெய்ப் பிசுக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக் குறைக்கலாம். வடை, பஜ்ஜி வேறு விஷயம். அதில் உப்பும் ஆப்பசோடாவும் இருக்கும்.

படி 3: கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பாடு போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா ராத்திரி ஏழரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். காலையில் எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, எல்லாருக்கும் டிபன் போட்டுவிட்டு அவள் தட்டில் உட்கார ஒன்பதரை ஆகும். பதினாலு மணி நேரம். தினமும். வெள்ளிக்கிழமை என்றால் மதியம் வரை. அவளுக்கு அது விரதம்கூட இல்லை, வழக்கம்.

விழித்திருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போக வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. படுக்கப் போகும் முன் குறைந்தது 50 கிராம் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும். நியூசிலாந்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒரே சத்துபானத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு இரவிலும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரவில் குடித்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ சதை ஏறியிருந்தது. பகலில் குடித்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. அதே பானம்தான், அதே அளவுதான்.

அம்மாவுக்கு நாங்கள் கொடுப்பது சத்துமாவுக் கஞ்சி. நான்கு டேபிள்ஸ்பூன் மாவு (40 கிராம் வரும்), முதலில் அரை டம்ளர் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வந்ததும் 200 மில்லி பாலை ஊற்றி ஒரு கொதி. ஏலக்காய். சர்க்கரை, உப்பு இரண்டும் வேண்டாம். கூடவே ஒரு வாழைப்பழம். கஞ்சி பிடிக்காவிட்டால் மூன்று இட்லியும் பாலும், அல்லது இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் நான்கு பேரீச்சம்பழமும். "பத்து மணிக்கு யாருடா சாப்பிடுவா, பசியே இல்லை" என்று ஒரு வாரம் சண்டை. "இது சாப்பாடு இல்லம்மா, ராத்திரி மாத்திரை" என்று சொன்ன பிறகு சரியாகிவிட்டது. மாத்திரையை அம்மா ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஒரு நாள் ஓட்டம் இப்படி அமையும். எழுந்ததும் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் பால். காபி கலந்தாலும் சரி (6 கிராம் புரதம்). எட்டுக்கு மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை (15). பத்தரைக்குச் சுண்டல் (7). ஒரு மணிக்குச் சாதம், 40 கிராம் பருப்பில் கூட்டோ சாம்பாரோ, கீரை, ஒரு கிண்ணம் தயிர் (17). நாலரைக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி (6). ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி, பாசிப்பருப்புக் கூட்டு (10). பத்துக்குக் கஞ்சி (10). கூட்டினால் 71. மீனோ கோழியோ செய்யும் நாளில் சுண்டலை விட்டுவிடலாம். பழம் எப்போது வேண்டுமானாலும்.

வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது, கசப்பது எல்லாம் குப்பைக்கு. அந்தப் பூசணத்தில் வரும் ஆஃப்ளடாக்சின் என்ற நச்சு கல்லீரல் புற்றுநோய்க்கே காரணமாகக்கூடியது.

காபியைப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தேவையில்லை. தினம் இரண்டு மூன்று கப் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் வடுவும் புற்றுநோயும் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தூக்கம் கெட்டால் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்டோஸ்கோபி, ஸ்கேன் என்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் நாட்களில் முதல் டோக்கன் கேட்டு வாங்குங்கள். முந்தைய இரவு கஞ்சி உண்டு. கையில் டிபன் பாக்ஸ் இருக்கட்டும், டாக்டர் சாப்பிடலாம் என்றதும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

படி 4: உப்பு

வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது 2 கிராம் சோடியம். தலை தட்டிய ஒரு டீஸ்பூனில் சுமார் 6 கிராம் உப்பு இருக்கும் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீரே இல்லாதவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாம், அள்ளிப் போடாமல் இருந்தால் போதும்.

"கம்மியா போடறேன்" என்பது அளவே இல்லை. நான் ஒரு பழைய விபூதி டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன். தினம் காலையில் முக்கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக அதில் உப்பு போட்டு வைப்பேன். பால், முட்டை, பிரெட்டில் இருக்கும் சோடியத்துக்காகத்தான் அந்தக் கழிவு. அன்று அம்மாவின் சாப்பாட்டுக்கு அந்த டப்பா மட்டும்தான். தீர்ந்தால் தீர்ந்தது.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே குழம்பு வைத்து எப்படிச் சமாளிப்பது? உப்பில்லாமல் கொதிக்கவிட்டு, அவருக்கான பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்த பிறகு மற்றவர்களுக்கு உப்பு போடுங்கள். இட்லி மாவில்தான் நாங்கள் பல நாள் ஏமாந்தோம். அரைத்ததும் கைநிறைய உப்பு போட்டுக் கரைப்பது கைப்பழக்கம். அது கணக்கிலேயே வராது. உப்பில்லாத மாவும் நன்றாகவே பொங்கும். அம்மாவுக்கு ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு மற்றதில் உப்பு போடுங்கள்.

டப்பா உப்பை எதில் செலவழிப்பது என்பதில்தான் சாமர்த்தியம். சாதம் வடிக்கும்போது உப்பு வேண்டாம். தயிருக்கு வேண்டாம். பொரியலுக்கு எலுமிச்சை பிழிந்து, தேங்காயும் வறுத்து அரைத்த தனியாவும் தூவினால் உப்பு இல்லாத குறை பாதி மறையும். உப்பைக் குழம்புக்கு வையுங்கள்; அதையும் கொதிக்கும்போது போடாமல் இறக்கிய பிறகு போடுங்கள், நாக்கில் நன்றாகத் தெரியும். புளி, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை தாராளமாக. மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். அதற்கப்புறம் கல்யாண வீட்டுச் சாம்பாரைக் குடித்துவிட்டு அம்மாவே "கடலா இருக்கு" என்றாள்.

மொத்தமாக நிறுத்த வேண்டியவை: ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, சிப்ஸ், மிக்சர், பாக்கெட் நூடுல்ஸ், பாக்கெட் சூப், சாஸ், உப்பு பிஸ்கட். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்ந்தே வருகிறது. பழைய சோறு குடிக்கிறவர் என்றால் அதோடு தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் போடும் கல்லுப்பும்தான் இடிக்கும். நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் பொங்கும் பொடி, கரையும் வலி மாத்திரை இவற்றிலும் சோடியம் உண்டு.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பு அதைவிட ஆபத்து. சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நீர் இறங்கக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை ஏற்கனவே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இளநீருக்கும் இதே எச்சரிக்கை. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து டாக்டரிடம் கேட்ட பிறகு குடிக்கலாம்.

உப்பைக் குறைத்ததால் அவர் பாதித் தட்டை ஒதுக்குகிறார் என்றால், அந்தக் கட்டுப்பாடு நன்மையைவிடக் கெடுதல்தான் செய்கிறது. டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் தளர்த்துங்கள். பட்டினியைவிட ஒரு சிட்டிகை உப்பு மேல்.

படி 5: தண்ணீர்

நீர் கோத்திருக்கிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நீரைப் பிடித்து வைப்பது உப்புதான். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 125க்குக் (mmol/L) கீழே இறங்கினால் மட்டுமே பொதுவாகத் தண்ணீருக்கு அளவு வைப்பார்கள். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாகத்துக்குக் குளிர்பானம், சோடா வேண்டாம்.

படி 6: குழப்பம் வரும் நாட்கள்

அம்மா தினமும் வாசலில் புள்ளிக்கோலம் போடுவாள். ஒரு நாள் காலை பார்த்தால் மூன்றாவது வரிசைப் புள்ளிகள் சாய்ந்து, கம்பி நடுவிலேயே நின்றிருந்தது. "என்னமோ வரலை" என்று போய்ப் படுத்துவிட்டாள். அதற்கு முந்தைய வாரம் பகலெல்லாம் தூங்கி, ராத்திரி விழித்துக் கிடந்தாள். நாங்கள் வயசு என்று விட்டுவிட்டோம். டாக்டர்கள் இந்தக் குழப்பத்தைப் பரிசோதிக்க நட்சத்திரம் வரையச் சொல்வார்கள், கையெழுத்துப் போடச் சொல்வார்கள், கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி நடுக்கத்தைப் பார்ப்பார்கள். எங்கள் வாசலில் அந்தப் பரிசோதனை தினம் காலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பார்க்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

இப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். மலச்சிக்கல், காய்ச்சல், வாந்தி பேதி, நீர் மாத்திரையால் உடம்பு வறள்வது, தூக்க மாத்திரை, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு: பெரும்பாலும் இவற்றில் ஒன்று பின்னால் இருக்கும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருந்தால் நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதுதான் அளவு. "நேத்து நல்லா போச்சு" என்று அதை நிறுத்திவிடாதீர்கள். ஆறு ஏழு முறை போய் வறண்டாலும் குழப்பம் கூடும்.

சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், புரதத்தையும் நிறுத்த வேண்டாம். ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். இறைச்சியால் தொந்தரவு வருவதுபோலத் தெரிந்தால் பருப்பு, பால், தயிர், பனீர் பக்கம் சாயுங்கள். இவை அந்த நாட்களில் நன்றாக ஒத்துக்கொள்கின்றன. பருப்பில் இருக்கும் நார்ச்சத்து மலத்தையும் இளக்கும். நம் சமையல் இந்த இடத்தில் நமக்குப் பெரிய பலம்.

படி 7: அடுப்படிக்குள் வரக் கூடாதவை

மது. அளவு, ரகம், விசேஷம் எதுவும் விதிவிலக்கல்ல. அரிஷ்டம், ஆசவம் என்று வரும் டானிக்குகளிலும் புளிப்பேறி உண்டான ஆல்கஹால் இருக்கிறது.

வேகாத மீன், நண்டு, சிப்பி, அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், ரோட்டோரம் வெட்டி வைத்த பழம். சிரோசிஸ் உள்ளவருக்குச் சாதாரணக் கிருமிகூட ரத்தத்தில் பரவிவிடலாம். நம் மீன் குழம்பு நன்றாகக் கொதித்தது, அது பரவாயில்லை.

நாட்டு மருந்து பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அம்மாவுக்குக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தவர்கள் மட்டும் ஆறு பேர். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி இனச் செடியைக் கொடுத்ததில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் சுமந்தவர்களில் பாதிக்கு மேல் பேருக்குக் கிருமி மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதுவும் வைரஸைப் பற்றிய ஆய்வு. மனிதர்களுக்குச் சிரோசிஸ் வடுவைக் கரைத்ததாக நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் காட்டவில்லை. கொரோனா காலத்தில் எல்லாரும் குடித்த சீந்தில் கஷாயத்தால் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். குழம்பில் போடும் மஞ்சள் சரி. மஞ்சள் மாத்திரையும் மிளகுச்சத்தும் கலந்து விற்பது வேண்டாம், அதிலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இரும்பு டானிக், வைட்டமின் ஏ மாத்திரை எல்லாம் ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும்.

உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கொண்டுவரும்.

படி 8: சர்க்கரை, பருமன், விரதம்

சர்க்கரை இருக்கிறது என்று இரவுக் கஞ்சியை விடாதீர்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து சிரோசிஸில் கூடுதல். கேழ்வரகு, கம்பு கலந்த மாவு, கொஞ்சம் பொட்டுக்கடலை என்று கஞ்சியை மாற்றிக்கொள்ளலாம். மூன்று மாதச் சர்க்கரை அளவு சிரோசிஸில் பொய் சொல்லலாம், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் விரல் நுனியில் குத்திப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம்.

நீர் இல்லாமலே பருமனாக இருப்பவர் எடை குறைப்பது நல்லதுதான். சாதத்தையும் இனிப்பையும் குறைத்துத்தான் குறைக்க வேண்டும், புரதத்தைக் குறைத்து அல்ல. இரவுப் பட்டினி அவருக்கும் ஆகாது.

சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு, தவக்கால உபவாசம்: நீர் கோத்தவர், ஒருமுறையாவது குழப்பம் வந்தவர் இருக்கக் கூடாது. அம்மாவை இதில் சம்மதிக்க வைத்தது நான் இல்லை. எங்கள் தெருக் கோயில் குருக்கள் "நோயாளிக்கு விரதம் விதிக்கலைம்மா, நைவேத்தியப் பாலைக் குடிச்சுட்டுக் கும்பிடுங்கோ" என்றார். அதோடு சரி.

சாப்பிட்டது தசையாக வேண்டும் என்றால் உடம்பு அசைய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது, காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை. தெருமுனை வரை நடை.

படி 9: ஒரு நோட்டு

காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை. நீர் மாத்திரை எடுப்பவருக்குக் கால் வீக்கம் இல்லை என்றால் நாளுக்கு அரை கிலோ, இருந்தால் ஒரு கிலோ வரை இறங்கலாம். அதைவிட வேகமாக இறங்கினாலும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் போன் செய்யுங்கள். எத்தனை முறை மலம், இரவு என்ன சாப்பிட்டார் என்றும் எழுதுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேல்கையின் நடுவில் தையல் டேப்பால் அளந்து வையுங்கள். கையில் நீர் சேருவது அரிது. வயிறு என்ன சொன்னாலும் கை உண்மையைச் சொல்லும். வயிற்றிலிருந்து ஊசி மூலம் நீர் எடுத்தால் அதோடு புரதமும் போகிறது, அந்த வாரம் ஒரு முட்டை கூடுதலாகப் போடுங்கள்.

ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி, சிறுநீர் குறைவது, கூப்பிட்டால் மந்தமாக விழிப்பது: இதில் ஒன்று வந்தாலும் நோட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இவ்வளவு நேரம் கொடுங்கள், கொடுங்கள் என்று சொன்ன நானே சொல்கிறேன்: ரத்த வாந்தி எடுத்தவருக்கும் சரியாக விழிக்காதவருக்கும் வழியில் வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட.